கதிமானியும் அதன் குறியீடுகளும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் மரபு. எழுவான்கரை வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலமாகும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, புதுக்குடியிருப்பு, குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை எனும் ஊர்கள் அந்நிலத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. இவ்வூர்களுக்கெல்லாம் நடுநாயகமாக ஓடுவது ஒரே பெருவீதி. பள்ளி செல்லும் பிள்ளைகளும், மீன்பெட்டி கட்டிய சைக்கிள்களும், மாலையில் பட்டிக்குத் திரும்பும் மாடுகளும், பஸ்களும், லொறிகளும், முச்சக்கர வண்டிகளும் அவ்வொரு வீதியையே நம்பியுள்ளன.

முன்னாளில் இவ்வீதியின் நிலைமையே ஊர்திகளின் விரைவைக் கட்டுப்படுத்தியது. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, அக்காலத் தேசாதிபதி மானிங் அவர்களின் துணைவியார் பெயரைப் பெற்ற கல்லடி இரும்புப் பாலம் மிக ஒடுங்கியது. ஒரு முனையில் ஊர்தி வந்தால் மறுமுனையில் நிற்பது காத்திருத்தல் வேண்டும். 2013ஆம் ஆண்டில் அதன் பக்கத்தே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனைத்துறையிலும் பாலம் அமைந்து, படகுப்பாதை இருந்த இடத்தில் ஊர்திகள் ஓடலாயின. குண்டும் குழியுமாயிருந்த வீதிகள் ‘காப்பெட்’ வீதிகளாயின. வீதி மாறியது, ஆயின் வீதியோரத்து வீடுகளும் பிள்ளைகளும் மாடுகளும் மாறவில்லை. முன்பு குழிகள் செய்த காவலை இன்று செலுத்துவோனின் அறிவே செய்தல் வேண்டும். அவ்வறிவுக்குத் துணையாக அவன் கண்முன் வைக்கப்பட்ட கருவி ஒன்றுண்டு. அதுவே ‘ஸ்பீடோ மீற்றர்’ எனவும் சுருக்கமாக ‘மீற்றர்’ எனவும் வழக்கிற் கூறப்படும் கதிமானி. அதன் முகத்திற் காணும் எண்களும் கோடுகளும் நிறங்களும் யாவை, அவை எவ்வளவு உண்மை கூறுவன என்பன இக்கட்டுரையில் ஆராயப்படும்.

கதியும் உணர்வும்

பெளதிக நூலார் கதி என்பதையும் வேகம் என்பதையும் வேறுபடுத்துவர். ஓரலகு நேரத்திற் கடக்கும் தூரம் கதி. அதனோடு திசையும் சேர்ந்தது வேகம். வண்டி கல்முனை நோக்கிச் சென்றாலும் மட்டக்களப்பு நோக்கித் திரும்பினாலும் மீற்றரின் முள் ஒரே எண்ணையே காட்டும்; திசையை அது அறியாது. ஆதலின் கதிமானி என்னும் பெயரே அதற்குப் பொருத்தமானது.

பல்லாண்டு வண்டியோட்டியவனுக்கு மீற்றர் எதற்கு, விரைவு உடம்பிலே தெரியாதா என்று கேட்பாருளர். உடம்பு கூறும் சாட்சி நம்பத்தக்கதன்று. விரைவு பற்றிய உணர்ச்சி பெரும்பாலும் பக்கத்துப் பொருள்கள் கண்ணைக் கடந்து பின்னோடும் தன்மையினின்று பிறப்பது. மதில்கள் நெருங்கிய ஒழுங்கையில் 30 கிலோமீற்றர் கதியே பெரிதாகத் தோன்றும். இருமருங்கும் வயல்வெளி பரந்த படுவான்கரை வீதியிலோ, நீர்ப்பரப்பின் மேலுள்ள பாலத்திலோ 70 கிலோமீற்றரும் மெதுவாகவே தோன்றும். மேலும், நெடுநேரம் ஒரே கதியிற் செல்பவனுக்கு அக்கதி பழகிவிடும். பொலநறுவையிலிருந்து புனானை, வாழைச்சேனை வழியாக விரைந்து வருபவன் ஏறாவூர்க் கடைத்தெருவை அடைந்து கதியைக் குறைக்கும்போது, போதிய அளவு குறைத்துவிட்டதாகவே எண்ணுவான். முள்ளோ அவன் எண்ணியதிலும் மிக உயர்ந்தே நிற்கும். வீதி வழுவழுப்பாகி, இயந்திரத்தின் ஓசையும் அதிர்வும் குறைந்த இக்காலத்தில் இம்மயக்கம் முன்னையினும் பெரிது.

முள் நகரும் விதம்

1824ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் அராகோ, சுழலும் செப்புத்தட்டு தன்னைத் தொடாது நிற்கும் காந்த ஊசியைத் தன்னுடன் இழுத்துச் செல்வதைக் கண்டார். செம்பைக் காந்தம் கவராது. பின்னர் இவ்விழுவை எவ்வாறு பிறந்தது? 1831இல் மைக்கேல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தபின் விடை கிடைத்தது. காந்தமும் உலோகமும் ஒன்றுக்கொன்று சார்பாக இயங்கும்போது உலோகத்தினுள் சிறுசிறு மின்னோட்டங்கள் நீர்ச்சுழிபோலச் சுழல்கின்றன. இச்சுழிப்போட்டங்களே இழுவைக்குக் காரணம். இவ்வுண்மையைக் கொண்டு ஒற்றோ சூல்சே என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1902இல் கதிமானிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். பல பத்தாண்டுகளாக உலகெங்கும் ஓடிய ஊர்திகளிற் பெரும்பாலானவை அவர் வகுத்த முறையையே பின்பற்றின. பழைய மொறிஸ் மைனர் கார்களிலும், கிராமந்தோறும் ஓடும் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களிலும் உள்ளது அதுவே.

அதன் அமைப்பு எளிது. காரில் கியர்ப் பெட்டியிலிருந்தும், மோட்டார் சைக்கிளிற் பெரும்பாலும் முன்சில்லிலிருந்தும் வளையத்தக்க ‘கேபிள்’ ஒன்று மீற்றருக்குச் செல்கின்றது. சில்லுச் சுழலக் கேபிளின் உட்கம்பி சுழலும். அதன் நுனியிற் பொருத்திய காந்தமும் சுழலும். காந்தத்தைத் தொடாமல் அதனை மூடியவாறு அலுமினியக் கிண்ணம் ஒன்று நிற்கின்றது. அக்கிண்ணத்தின் அச்சிலேதான் முள் உள்ளது. காந்தம் கிண்ணத்தை இழுக்க முயலும். மயிரிழை போன்ற விற்சுருள் அதனைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுவையும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

முகத்திலுள்ள கோடுகள் ஏன் சம இடைவெளியில் அமைந்துள்ளன என்பதற்கு விடை இங்கே உண்டு. காந்தத்தின் கதி இரட்டித்தால் கிண்ணத்தின் மீதான இழுவையும் இரட்டிக்கும். வில்லின் எதிர்ப்போ முள் திரும்பிய கோணத்துக்கு நேர்விகிதமானது. ஆகவே கதி இரட்டித்தால் கோணமும் இரட்டிக்கும். 20க்கும் 40க்கும் இடையிலுள்ள தூரமும் 60க்கும் 80க்கும் இடையிலுள்ள தூரமும் ஒன்றாயிருப்பது அழகு கருதியதன்று, இயற்கை விதியின் விளைவேயாம். வெப்பம் மிகும்போது அலுமினியத்தின் மின்தடை கூடிச் சுழிப்போட்டம் குறையும். முள்ளும் தாழக் காட்டும். இதனை ஈடுசெய்ய, வெப்பத்துக்கேற்பக் காந்தப்புலத்தைத் திருத்தும் நிக்கல்–இரும்புக் கலப்புத்துண்டு ஒன்றைக் காந்தத்தோடு சேர்ப்பதுண்டு.

இக்காலப் புதிய ஊர்திகளிற் கேபிள் இல்லை. சில்லோ கியர்ப் பெட்டியோ சுழலுந்தோறும் ஓர் உணரி மின்துடிப்புகளை அனுப்ப, அவற்றைச் சிறு கணிப்பொறி எண்ணி முள்ளை நகர்த்தும். அல்லது எண்ணையே ஒளியிற் காட்டும். வழி வேறாயினும் அடிப்படை ஒன்றே: இரண்டு முறைகளும் சில்லின் சுழற்சியையே எண்ணுகின்றன, வீதியை அளப்பதில்லை. இவ்வேறுபாட்டின் பயன் பின்னர் விளங்கும்.

மைலும் கிலோமீற்றரும்

கதிமானியின் முகத்தை நோக்குபவன் முதலிற் காணவேண்டியது எண்ணையன்று, அலகையே. பிரித்தானியர் ஆட்சிக்காலத்திலும் அதன் பின்னரும் இலங்கைக்கு வந்த மொறிஸ், ஒஸ்டின் கார்களிலும், 1958ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் தொடங்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பழைய லேலண்ட் பஸ்களிலும் ‘எம்.பி.எச்.’ என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவை மணிக்கு இத்தனை மைல் என்பதைக் குறிப்பன. 1970களில் நாடு மெற்றிக்கு முறைக்குத் திரும்பியது. 1977இன் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டு ஜப்பானிய ஊர்திகள் பெருகின. அவற்றில் ‘கே.எம்./எச்.’ எனக் கிலோமீற்றர்க் குறியே காணப்பட்டது.

1959இல் உலக நாடுகள் சில கூடி யார் அளவை 0.9144 மீற்றர் என உறுதிசெய்தன. அதன்படி ஒரு மைல் 1.609344 கிலோமீற்றராகும். நடைமுறைக்கு 5 மைல் 8 கிலோமீற்றருக்குச் சமம் எனக் கொள்ளலாம். 30 மைல் 48 கிலோமீற்றர். 50 மைல் 80 கிலோமீற்றர். இரண்டு அளவிடைகளும் ஒரே முகத்திற் பொறிக்கப்பட்ட மீற்றர்களும் உள. அவற்றில் வெளிவட்டத்திற் பெரிய எண்களாக உள்ளதே முதன்மை அலகு. உள்வட்டத்துச் சிறிய எண்கள் துணை அலகு.

இவற்றை மாறிக் கொள்வது சிறு பிழையன்று. நகரப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் எல்லை என்பதை அறிந்த ஒருவன், மைல் மீற்றர் உள்ள பழைய காரில் முள் 50இல் நிற்பதைக் கண்டு மனநிறைவு கொள்வானாயின், அவன் உண்மையில் 80 கிலோமீற்றர் கதியிற் செல்கிறான். இயக்கச் சக்தி கதியின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. எனவே அவ்வண்டி மோதும் சக்தி அவன் எண்ணியதைப்போல இரண்டரை மடங்குக்கு மேலாம்.

சிற்றெண்ணின் பொருள்

பழைய மீற்றர்களின் முகத்தில், அடிப்பாகத்தில், கூர்ந்து நோக்கினாலன்றித் தெரியாத சிற்றெண் ஒன்று காணப்படும். ஸ்மித்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பனியின் மீற்றர்களில் 1408, 1600 போன்ற எண்கள் உள்ளன. ஒரு மைல் தூரத்துக்குள் கேபிள் எத்தனை முறை சுழலுதல் வேண்டும் என்பதையே அவை குறிப்பன. மணிக்கு 60 மைல் கதியில் ஒரு மைலைக் கடக்க ஒரு நிமிடம் செல்லும். ஆதலின் 1600 எனக் குறித்த மீற்றரின் கேபிள் அக்கதியில் நிமிடத்துக்கு 1600 முறை சுழலும். ஜப்பானிய நியமத்தில் இவ்வெண் கிலோமீற்றருக்கு 637 ஆகும்.

பழுதான மீற்றருக்குப் பதிலாக வேறொரு வண்டியின் மீற்றரைப் பூட்டுவோர் இவ்வெண்ணை ஒப்பிடுதல் வேண்டும். 1600 சுழற்சிக்கு அமைந்த மீற்றரை 1408 சுழற்சி தரும் வண்டியிற் பூட்டினால், முள் எட்டிலொரு பங்கு குறைத்தே காட்டும். மணிக்கு 50 எனக் காட்டும்போது உண்மைக் கதி ஏறத்தாழ 57 ஆயிருக்கும். முள் ஆடுகிறது என்பதனால் மீற்றர் வேலை செய்கிறது என்று கொள்ளுதல் தகாது.

மீற்றர் கூறும் மிகை

கதிமானி முற்றும் உண்மை கூறுவதன்று. ஆயினும் அதன் பொய்யும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 39ஆம் இலக்க விதி இதனை வரையறுக்கின்றது. அதன்படி மீற்றர் உண்மைக் கதியிலும் குறைவாக ஒருபோதும் காட்டுதல் கூடாது. கூட்டிக் காட்டலாம், அக்கூடுதலும் உண்மைக் கதியின் பத்திலொரு பங்கோடு 4 கிலோமீற்றரைச் சேர்த்த அளவை மிஞ்சுதல் ஆகாது. உண்மைக் கதி 50 ஆயின் முள் 50க்கும் 59க்கும் இடையில் நிற்கலாம். முள் 70 காட்டும்போது உண்மைக் கதி 60 வரை குறைந்திருக்கலாம். கோடுகள் 1, 2, 5 அல்லது 10 கிலோமீற்றருக்கு ஒன்றாக அமைதல் வேண்டும் என்பதும், 200 கிலோமீற்றருக்கு மேற்படாத மீற்றரில் எண்கள் 20க்கு மேற்பட்ட இடைவெளியில் எழுதப்படலாகாது என்பதும் அவ்விதியின் பகுதிகளே.

இவ்வொருபக்கச் சாய்வு ஏன்? சில்லின் சுழற்சியை எண்ணுங் கருவி சில்லின் பருமனை ஊகித்துக்கொள்கின்றது. வெளிவிட்டம் 600 மில்லிமீற்றரான டயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 530 முறை சுழலும். தேய்ந்து விட்டம் 588 ஆகக் குறைந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடுதலாகச் சுழலும். மீற்றரும் அவ்வளவு கூட்டிக் காட்டும். இது தீங்கற்ற பிழை. மாறாக, உரியதிலும் பெரிய டயரை, 630 மில்லிமீற்றர் விட்டமுடையதை, ஒருவன் மாட்டிவிட்டால் மீற்றர் 60 காட்டும்போது வண்டி 63இல் ஓடும். உற்பத்தியாளர் இத்தகைய வேறுபாடுகளையெல்லாம் கருதியே முள்ளைச் சற்று உயர்த்தி அமைக்கின்றனர்.

எனினும், மீற்றர் எப்போதும் கூட்டித்தான் காட்டும், ஆகவே எல்லைக்கு மேல் ஐந்தோ பத்தோ செல்லலாம் என வாதிப்பது அறிவுடைமையன்று. பழைய மீற்றர், மாற்றிய டயர், பொருந்தாத கேபிள் ஆகியவை அச்சாய்வை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் என்பது மேலே கூறியவற்றால் தெளிவு.

நிறங்களும் கோடுகளும்

மோட்டார் சைக்கிள் மீற்றர்கள் சிலவற்றில் கதி எண்களுக்கு அருகே 1, 2, 3, 4 எனச் சிற்றெண்கள் இட்ட வளைகோடுகள் காணப்படும். அவை கியர்களைக் குறிப்பன. ஒவ்வொரு கியரும் எக்கதி தொடங்கி எக்கதி வரை ஏற்றது என்பதை அவ்வளைகோட்டின் நீளம் காட்டும். மூன்றாங் கியருக்குரிய கோடு தொடங்குமுன் அக்கியருக்கு மாற்றினால் இயந்திரம் திணறும். கோடு முடிந்தபின்னும் அதே கியரில் ஓட்டினால் அளவுக்கு மீறிச் சுழன்று சூடேறும். சில இந்திய மோட்டார் சைக்கிள்களிற் பச்சைப் பட்டையொன்று உண்டு. எரிபொருள் குறைவாகச் செலவாகும் கதியை அது சுட்டுகிறது. அது சிக்கனத்தின் அடையாளமேயன்றி, அக்கதியில் எவ்விடத்தும் செல்லலாம் என்னும் உத்தரவன்று.

கதிமானிக்கு அருகே ‘1000ஆற் பெருக்குக’ என்னும் குறியுடன் மற்றொரு வட்டம் இருப்பின், அது இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கின்றது என்பதைக் காட்டுவது. சிவப்புப் பகுதி இயந்திரத்தின் எல்லையாம். புதிதாகப் பழகுவோர் இவ்விரண்டையும் மயங்குதல் உண்டு.

முகத்தின் இறுதியில் உள்ள 160, 180 முதலிய பேரெண்களைக் கண்டு வண்டி அவ்வளவு ஓடும் என்றும், ஓடவேண்டும் என்றும் இளைஞர் கருதுவர். ஜப்பானிய உற்பத்தியாளர் தம் நாட்டுக் கார்களை 180 கிலோமீற்றருக்கு மேற்செல்லாது கட்டுப்படுத்துவதெனத் தமக்குள் உடன்பட்டனர். மீற்றரும் அவ்வெண்ணோடு முடிந்தது. ஒரே முகத்தைப் பலவகை வண்டிகளுக்குப் பயன்படுத்துவதும், நாள்தோறும் பயிலும் கதிகள் எளிதிற் பார்க்கத்தக்க நடுப்பகுதியில் அமைவதும் பேரெண்கள் இருப்பதற்கு ஏனைய காரணங்கள். இலங்கையில் மோட்டார் வாகனச் சட்டப்படி காருக்கு நகரப் பகுதியில் 50, பிற வீதிகளில் 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் என்பன எல்லைகள். அதிவேக நெடுஞ்சாலை இல்லாத மட்டக்களப்பில் முகத்தின் பிற்பாதி வெறும் அலங்காரமேயாம்.

முகத்தின் நடுவே சிறு சாளரத்தில் உருளும் எண்கள் வண்டி ஓடிய மொத்தத் தூரத்தைக் கூறுவன. அவற்றில் இறுதி எண் வேறு நிறத்தில் இருப்பின் அது பத்திலொரு பங்கைக் குறிக்கும். ஐந்து முழு எண்களே உள்ள மீற்றர் 99,999க்குப் பின் மீண்டும் சூனியத்தில் தொடங்கும். பழைய வண்டி வாங்குவோர் இச்சிறு தொகையைக் கண்டு மயங்கலாகாது.

சோதிக்கும் முறை

தன் மீற்றர் எவ்வளவு உண்மை கூறுகின்றது என்பதை எவரும் செலவின்றி அறியலாம். வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களும் ஒரு கைக்கடிகாரமுமே வேண்டப்படுவன. போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தி வண்டியைச் செலுத்துக. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை சென்ற நேரத்தை உடன் அமர்ந்தவர் செக்கனிற் குறித்தல் வேண்டும். செலுத்துவோன் கடிகாரத்தைப் பார்த்தல் கூடாது. 3600ஐ அச்செக்கன் தொகையால் வகுக்க உண்மைக் கதி கிடைக்கும். முள் 60இல் நிற்க 64 செக்கன் சென்றதாயின் உண்மைக் கதி 56¼ கிலோமீற்றர். மீற்றர் கூட்டிக் காட்டுகின்றது. 57 செக்கனே சென்றதாயின் உண்மைக் கதி 63. மீற்றர் குறைத்துக் காட்டுகின்றது. பின்னையது உடனே திருத்தப்பட வேண்டிய குறை. ஒரு கல்லோடு நில்லாது ஐந்து கற்கள் வரை அளந்து சராசரி கண்டால் பிழை குறையும்.

எண்ணின் பின்னுள்ள தூரம்

இத்தனை நுட்பமும் எதன்பொருட்டு? மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் செல்லுமாயின், அதற்குள்ளேயே வண்டி 14 மீற்றர் ஓடிவிடும். நல்ல பிரேக்கும் உலர்ந்த வீதியும் கொண்டு, செக்கனுக்குச் செக்கன் 6 மீற்றர் வீதம் கதி தணிவதாகக் கொண்டால், மேலும் 16 மீற்றர் சென்றே நிற்கும். ஆக 30 மீற்றர். இக்கணக்கின்படியே 70 கிலோமீற்றரில் 51 மீற்றரும், 80 கிலோமீற்றரில் 63 மீற்றரும் வேண்டும். 50இலிருந்து 80க்கு முள் நகர்வது மூன்று விரற்கிடைக்கும் குறைவு. நிற்கும் தூரமோ இரண்டு மடங்குக்கு மேல். காற்றில் வந்த கடற்கரை மணல் வீதியிற் படிந்திருப்பினும், மார்கழி மழையில் வீதி நனைந்திருப்பினும் இத்தூரங்கள் இன்னும் நீளும்.

மறுபக்கத்தில் இலாபத்தையும் கணக்கிடல் வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். சராசரி 50இற் சென்றால் 48 நிமிடம். 60இற் சென்றால் 40 நிமிடம். மிஞ்சுவது எட்டு நிமிடம். ஊர் ஊராக நெருங்கிய எழுவான்கரை வீதியில் அச்சராசரியைப் பெறுவதற்கு, இடையிடையே முள்ளை 80க்கும் 90க்கும் ஏற்றவேண்டிவரும். எட்டு நிமிடத்துக்காக, 30 மீற்றரில் நிற்கவேண்டிய வண்டியை 63 மீற்றரிலும் நிற்காதவாறு செலுத்துவது எவ்வகை வாணிகம் என்பதைச் செலுத்துவோரே தீர்மானித்தல் வேண்டும்.

கதிமானி எவரையும் தடுப்பதில்லை. உள்ளதை உரைப்பதோடு அதன் தொழில் முடிந்தது. அலகு யாது, மீற்றர் வண்டிக்கு உரியதா, டயர் உரிய அளவினதா, முள் காட்டும் எண்ணுக்கு வீதியில் எத்தனை மீற்றர் வேண்டும் எனும் நான்கினையும் அறிந்தவனே அதனை வாசிக்கத் தெரிந்தவனாவான். மாணவர் பலர் பாடசாலையை விட்டு வெளியேறிய சின்னாட்களில் மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பற்றுகின்றனர். வகுப்பறையிற் கற்ற கதியும் காந்தமும் வர்க்கமும் அவர்கள் கண்முன்னேயே அவ்வட்டத்துள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஆங்கே இனங்கண்டு கொள்வாராயின், பாடசாலை விடும் வேளையில் களுவாஞ்சிகுடிச் சந்தியில் வீதியைக் கடக்கும் சிறு பிள்ளைக்கு அக்கல்வி பயன்பட்டதாகும்.